‘வடிவு’ என்று சொல்லாத ஒரு கட்டி

பாகற்காயை அப்படிப் பார்த்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஒரு மளிகைக் கடை, சனிக்கிழமை காலை. காய்கறித் தட்டின் முன்னால் நின்று அவர் ஒரு பாகற்காயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கட்டைவிரலால் அதன் முண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு, முன்பின் தெரியாத என்னிடம் அதை நீட்டினார்.

“இஞ்ச பாருங்கோ தம்பி. என்ன வடிவு.”

யாழ்ப்பாணத்தார் அழகை வடிவு என்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கல்யாணப் பெண்களுக்கும் புடவைகளுக்கும்தான் கேட்டிருந்தேன். நான் தலையை ஆட்டி வைத்தேன். அதற்குள் அவருடைய கண்கள் என் சட்டைக் காலருக்கு மேலே வந்து நின்றுவிட்டன. என் கழுத்தில் நாலைந்து மருக்கள் உண்டு. காலரை உயர்த்தி மறைப்பது என் வழக்கம். அவர் பெரிய நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தார். திரும்பியபோது முகத்தில் இருந்தது ஏமாற்றம்.

“சும்மா தோல்,” என்றார். “இதில ஒண்டும் இல்லை.” பாகற்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நோபல் பார்க்கிலிருந்து தொலைபேசி வரும். இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வேலையை விட்டு மெல்பேர்னுக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. சிட்னியில் இருந்த காலத்தில் அவர் கால்நடை மருத்துவர். வார நாள்களில் நாயும் பூனையும் வரும் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமைகளில் ஆடு, மாடு, குதிரை என்று யார் கூப்பிட்டாலும் போவார். இலங்கையில் அவர் பார்த்து வந்தது மாடுகளை. “நாய்க்கு நகம் வெட்டவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்?” என்று அடிக்கடி சொல்வார். ஆனால் நகம் வெட்டும்போதும் அதன் காதுக்குள் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டார். அறுபதைத் தாண்டியவர், குள்ளமானவர். மழை இல்லாத நாளிலும் மழைக்கோட்டு.

செவன் ஹில்ஸில், எங்கள் தெருவுக்கு அடுத்த மண்டபத்தில், ஒரு சாமத்திய வீட்டில், அதாவது ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவில், அவரை மறுபடி பார்த்தேன். மேசையைச் சுற்றிப் பெண்கள் கைபேசியில் நகைப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அட்டிகை, ஒருவர் வளையல். இவர் முறை வந்தபோது இவரும் தம் கைபேசியை நீட்டினார். ஓர் ஆட்டின் மடி. அதன்மேல் பூக்கோசு போல ஒன்று பூத்திருந்தது. பக்கத்து அன்ரி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியோடு ஓரடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். அடுத்த படம் இன்னும் நல்லது என்று இவர் அவரை விடாமல் துரத்தினார். கடைசியில் என்னைக் கண்டுபிடித்து, சனத்துக்கு ரசனை இல்லை என்று வருத்தப்பட்டார். அந்தப் படங்கள் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் பிடிபட எங்கள் வீட்டு நாய் காரணம். குட்டியாக இருந்தபோது அதன் உதட்டில் கறுப்பாகச் சில மருக்கள் முளைத்தன. என் மனைவி கண் கலங்கிப் போய் நின்றாள். இவர் நாயின் உதட்டைப் புரட்டினார். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. வடிவு, நல்ல வடிவு என்று சொல்லி, மருந்து எதுவும் தராமல், தொடாமல் விடுங்கோ என்று அனுப்பிவிட்டார். என் மனைவி காரில் வரும் வழியெல்லாம் கோபப்பட்டாள். கொஞ்ச நாளில் அவை தாமாக உதிர்ந்துவிட்டன.

அதே மருத்துவமனையில் இன்னொரு நாள், ஒரு கிழட்டு நாயின் வயிற்றில் இருந்த கட்டியை அவர் அழுத்திப் பார்த்ததைக் கண்டேன். அன்று அந்தச் சொல் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நாயைக் கொண்டுவந்த பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. தோலோடு தோலாக இருப்பது, விரலால் தள்ளினால் நகர்வது, வந்த மாதிரியே போய்விடுவது, இவைதான் அவருக்கு வடிவு. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

செந்திலும் கற்பகமும் நாமக்கல் பக்கத்துக்காரர்கள், என் நண்பர்கள். செந்தில் கணினி வேலையில் சேர்த்ததையெல்லாம் போட்டு, சிட்னிக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு மான் பண்ணை வாங்கியிருந்தான். இருபத்தாறு மான்கள். நம் புள்ளிமான் போலப் பொட்டு வைத்த உடம்பு; ஆண்மான்களுக்கு உள்ளங்கை போல் விரிந்த கொம்பு. விடுமுறை நாள்களில் நான் போய் வேலி கட்ட உதவுவேன். அந்த மந்தையில் ஒரு பெண்மானுக்கு மட்டும் பெயர் உண்டு: செல்லி. பிறந்த வாரமே தாயை இழந்த அதைக் கற்பகம் துணி துவைக்கும் அறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். வளர்ந்த பிறகும் அவள் குரல் கேட்டால் வேலியோரம் ஓடிவந்து, அவள் சட்டைப் பையில் மூக்கை நுழைக்கும். மற்ற மான்கள் மனிதரைக் கண்டால் பறந்துவிடும்.

ஒரு கோடையில் அந்த மான்களுக்கு மரு வந்தது. ஒன்றின் கழுத்தில், ஒன்றின் காதோரம், ஒன்றின் கண்ணிமைக்குக் கீழே. சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம், முடியில்லாத வழவழப்பு, சில பட்டாணி அளவு, சில எலுமிச்சை அளவு. செந்தில் இணையத்தில் தேடிப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தான். என்னிடம் படங்களை அனுப்பி, யாரையாவது தெரியுமா என்று கேட்டான். இதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆளை எனக்குத் தெரியும் என்றேன்.

மெரிலேண்ட்ஸில் அவரை ஏற்றிக்கொண்டபோது, பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகும் பிள்ளைபோல் வாசலில் பையோடு நின்றார். நெடுஞ்சாலை முழுவதும் கேள்விகள். எத்தனை மானுக்கு? கொசு அதிகமோ? கம்பி வேலியில் உரசுகிறதோ? பதில் சொல்லச் சொல்ல இருக்கையின் நுனிக்கு வந்துகொண்டிருந்தார். மருவுக்கு ஒரு கிருமி உண்டு, கடிக்கும் பூச்சியும் வேலிக் கீறலும் அதைப் பரப்பும், மனிதருக்கு ஒட்டாது, சில மாதத்தில் மான் தானே அதை வென்றுவிடும் என்று எனக்குப் பாடமே நடத்திவிட்டார். ஒரே ஒரு தப்பு மட்டும் செய்யக்கூடாது என்றார். ஆசைப்பட்டுக் கை வைக்கக்கூடாது.

மான்களைப் பிடித்துப் பார்ப்பதற்கென்று பண்ணையில் ஓர் இருட்டுக் கொட்டகை இருந்தது. இருட்டில் மான் அடங்கி நிற்கும்; வெளிச்சமும் சத்தமும் வந்தால் மிரண்டு மோதிச் செத்தே போகும். நடுவில், இரு பக்கமும் மெத்தை தைத்த ஒரு மரப்பெட்டி. மான் உள்ளே வந்ததும் செந்தில் நெம்புகோலை இழுப்பான். பக்கங்கள் நெருங்கி வந்து அதை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். துணி சுற்றிய கைவிளக்கைப் பிடிப்பது என் வேலை. யாரும் பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர்தான். அதை முதலில் மீறியவரும் அவர்தான்.

“வடிவு,” என்று இருட்டில் கிசுகிசுத்தார். “இஞ்ச பிடியுங்கோ வெளிச்சத்தை. இது இன்னும் வடிவு. ஐயோ, இதைப் பாருங்கோ, இதுக்குக் குட்டியும் இருக்கு.”

ஒவ்வொரு மானாக வந்தது. ஒவ்வொரு மருவையும் கையுறை விரலால் தள்ளிப் பார்த்து, அது தோலோடு நகர்ந்ததும் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செந்திலின் தோள்கள் தளர்வது இருட்டிலும் தெரிந்தது. கற்பகம் கதவோரம் நின்றிருந்தாள். எங்களுக்கெல்லாம் ஒரு கொண்டாட்டம் போலத்தான் இருந்தது.

கடைசியாகச் செல்லி வந்தது. அதன் முதுகில் இரண்டு மருக்கள். இரண்டுக்கும் பாராட்டு கிடைத்தது. பிறகு அவர் கை தாடைக்குக் கீழே போனது. அங்கேயே நின்றது. விரல்களை மாற்றி வைத்தார். மறுபடியும் அழுத்தினார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கையால் காட்டினார். தோலுக்கு அடியில், ஆழத்தில், கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி. தோல் நகர்ந்தது, அது நகரவில்லை.

“பிள்ளை,” என்று கற்பகத்தைப் பார்த்தார். “இந்த இடத்தில ஏதும் காயம் பட்டதோ? நீங்கள் ஏதும் செய்தனீங்களோ?”

“இல்லையே டாக்டர். ஒண்ணும் பண்ணல.”

அவர் கையுறையைக் கழற்றினார். செல்லியை மட்டும் தனியே கட்டி வைக்கும்படி சொன்னார்; தனியே அடைக்கும்படி என்று திருத்திக்கொண்டார். தேநீர் வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் காரில் அவர் இருக்கையில் சாய்ந்தே இருந்தார். பாதித் தூரம் வந்த பிறகு நான் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் வடிவுன்னு சொன்னீங்க. அந்த ஒண்ணுக்குச் சொல்லல.”

“கவனிச்சனீங்களோ,” என்றார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். மாட்டுக்கு வரும் காசநோய் ஒன்று உண்டு. இந்த நாட்டில் அதை ஒழித்துவிட்டார்கள். ஒழிக்கப் பட்டபாடு கொஞ்சமில்லை. மானுக்கு அது வந்தால் பல நேரம் முதலில் தாடைக்குக் கீழேதான் கட்டும். அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் அறிவித்தே ஆக வேண்டும். அங்கேயே கீறிப் பார்த்திருக்கலாமே என்றேன். அதுவாக இருந்தால், கீறிய நிமிடமே கொட்டகையையும் எங்களையும் மற்ற மான்களையும் கெடுத்திருப்போம் என்றார்.

“அதுவேதான்னா?”

“இருபத்தாறும் போகும் தம்பி.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசியில் சொல்லும் விஷயம் இல்லை என்று என்னை மறுபடி ஓட்டச் சொன்னார். செந்தில் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். அரசுக் கால்நடை அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டார். ஒரு மானும் வெளியே போகக்கூடாது. செவ்வாய்க்கிழமை அலுவலர் வருவார். செல்லியைக் கொன்று, தாடைக்குக் கீழிருக்கும் நிணநீர்க் கணுக்களை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவதுதான் அவர்கள் வழி. அதில் நோய் இருந்தால் மந்தை முழுவதையும்.

செந்தில் எழுந்துவிட்டான். அவன் கத்துகிறவன் இல்லை. அன்று குரல் உயர்ந்தது.

“நீங்க நம்ம ஆளுன்னுதானே கூப்பிட்டோம் டாக்டர். ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்திருக்கலாம்ல? அதுக்குள்ள போன் பண்ணணுமா?”

“தம்பி, வேலிக்கு அங்கால ஒருத்தன்ர மாடு நிக்குது,” என்றார் அவர். “அவனுக்கும் நான் வைத்தியர்தான்.”

கற்பகம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். பால் பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

அவர் கற்பகத்தின் முதுகைப் பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார். செல்லியின் தாடையில், அந்தக் கட்டிக்கு நேர் மேலே, தோலில் ஒரு சின்ன வட்டம் விரலில் தட்டியது. மோதிரம் போட்ட தழும்பு மாதிரி. ராத்திரி முழுக்க அந்த வட்டம் என்ன என்று யோசித்தாராம். கம்பியில் கிழித்தால் வட்டமாக வராது.

“பிள்ளை, அதில முந்தி ஒரு பாலுண்ணி தொங்கிக்கொண்டு இருந்ததோ?”

கற்பகம் திரும்பவில்லை. பின்னலை முன்னால் இழுத்து அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் டாக்டர்,” என்றாள். “என் முடியைக் கட்டுனேன்.”

ஊரில் எல்லாரும் செய்வதுதான். மரு காம்பு வைத்துத் தொங்கினால் தலைமுடியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள்; நாளடைவில் வாடி விழும். எனக்கே சின்ன வயதில் கட்டியிருக்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில், மற்ற மான்களுக்கு வருவதற்கு முன்பே, செல்லியின் தாடையில் ஒன்று தொங்கியது. கற்பகத்தின் அம்மா நாமக்கல்லிலிருந்து வீடியோவில் பார்த்து, முடிச்சு போடும் விதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டால் வந்து நிற்கும் ஒரே மான் அதுதானே. பிஸ்கட்டைக் காட்டி நிறுத்திக் கட்டிவிட்டாள். விழுந்தும் விட்டது. பிறகு பார்த்தால் மந்தைக்கே மரு. தான் கை வைத்ததால்தான் பரவியதோ என்று பயந்து, செந்திலிடம்கூட வாய் திறக்கவில்லை.

“நேத்து கேட்டப்போ எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் சொல்லாம இருந்திருந்தா செவ்வாக்கிழம அவளைக் கொன்னிருப்பாங்கல்ல?”

“ஓம்,” என்று தலையாட்டினார் அவர்.

செந்தில் மனைவியைப் பார்த்தான். அவர் திட்டப் போகிறார் என்று நானும் எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அந்த முகம் திரும்பிவிட்டிருந்தது.

“எத்தனை முடி? ஒண்டோ, முறுக்கினதோ?”

“நாலு. முறுக்கித்தான்.”

“நுனியை வெட்டினீங்களோ, விட்டனீங்களோ?”

“விட்டுட்டேன். செல்லி தலைய ஆட்டிட்டு ஓடிட்டா.”

“விழுந்ததோட முடியும் விழுந்ததோ? பார்த்தனீங்களோ?”

கற்பகம் யோசித்தாள். மருவைப் புல்லில் கண்டெடுத்து எலுமிச்சைச் செடி அடியில் புதைத்தாளாம். முடி இருந்த ஞாபகம் இல்லை.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனால்தான் கிடைக்கும். மழைக்கோட்டைக் கூடப் போடாமல் அவர் அந்த மேட்டில் ஏறினார். நாங்கள் மூவரும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை அலுவலரைப் பிடித்து, ஒரு கையில் கைபேசியும் மறு கையால் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுவதுமாக, தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறுமுனையில் இருப்பவருக்கு அந்தக் கை தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை. இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. முடி உள்ளே தங்கியிருந்தால் அது வெறும் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்று சொன்னதும், கொல்வதற்கு முன் ஊசியால் உறிஞ்சிப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை அலுவலர் வந்து, முழு உடல் உறையும் முகக் கவசமும் போட்டு, அவரோடு சேர்ந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு காத்திருப்பு. கற்பகம் செல்லி இருந்த தனிக் கொட்டிலின் வெளியே உட்கார்ந்தே சாப்பிட்டாள் என்று செந்தில் சொன்னான். எனக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே அழைப்பு வந்தது. காதில் வைப்பதற்கு முன்பே அவர் குரல் கேட்டது. சாதாரணச் சீழ்க் கிருமி மட்டும்தான், மற்றது இல்லை, தடையை எடுத்துவிட்டார்கள், சனிக்கிழமை கீறப் போகிறோம், கார் இருக்கிறதா? மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் மறுபடி அதே நால்வர். மெத்தைப் பெட்டிக்குள் செல்லி. அதன் கண்மேல் ஒரு துணி. கற்பகத்தை இந்த முறை கதவோரம் நிற்கவிடாமல் தலைமாட்டில் நிற்க வைத்தார். அந்தக் குரல் பக்கத்தில் இருந்தால் மருந்து குறைவாகப் போதும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சவரம் செய்த இடத்தில் சின்னதாகக் கீறினார். வெண்ணெய் போலக் கெட்டியாகச் சீழ் வந்தது. நாற்றத்தில் செந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் விளக்கை அசையாமல் பிடித்தேன். அவர் கழுவி, விரலைவிட்டுத் துழாவி, மெல்லிய இடுக்கியை உள்ளே செலுத்தினார்.

எதையோ பிடித்தார். இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. ஈரமாகக் கறுத்துச் சுருண்டு, முறுக்குக் கலையாமல், நடுவில் முடிச்சோடு, ஒரு சாணுக்கும் மேலே நீண்டு தொங்கியது.

கற்பகம் ஒரு கையால் செல்லியின் காதைப் பிடித்தபடி, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். இவ்வளவு பெரிய கட்டிக்கு அவர் என்ன பாராட்டு வைத்திருப்பாரோ என்று.

அவர் கட்டியைப் பார்க்கவில்லை. முடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார், கடையில் அன்று பாகற்காயைப் பிடித்ததுபோலவே. பிறகு திரும்பி, கற்பகத்தின் இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“உங்கட தலைமுடி,” என்று கிசுகிசுத்தார், “என்ன வடிவு பிள்ளை.”